எறும்பு தொடாத கோலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி, கப்பலேறி, பினாங்கில் வந்து இறங்கிய முதல் வருஷம் முழுவதும் அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடினேன். பேச ஆள் இல்லை. வீட்டுக்காரருக்கு ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. விடியுமுன் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். வந்தாலும் பேசுகிற ரகம் இல்லை. குழம்பு எப்படி என்று கேட்டால் "ம்" என்பார். ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றால் அதற்கும் "ம்". ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், "கூரை எரியுதுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "ம்" சொல்லிவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

ஆலைக்குப் பின்னால் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றிலும் ஆலைக் கூலிகள். அங்கிருந்த பெண்களில் பாதிப்பேர் இந்தத் தீவிலேயே பிறந்தவர்கள். தமிழுக்கு நடுவே மலாய் கலந்து, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போட்டுச் சடசடவென்று பேசுவார்கள். எனக்குப் பாதி புரியாது. வந்த முதல் வாரமே குழாயடியில் ஒருத்தி என் குடத்தை நகர்த்தி வைத்தாள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றோடு சரி. நான் குடத்தோடு போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். ஒரு பிள்ளை இருந்தாலாவது காய்ச்சல், பல் முளைக்கிறது என்று பேச்சுக்குள் நுழைந்துகொள்ளலாம். அதுவும் இல்லை. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மத்தியான நேரத்தில் அடுப்பைப் பார்த்து, "என்ன, இன்னிக்கு உனக்கும் என்மேல கோவமா?" என்று கேட்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அப்படி ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

முதல் உலகப்போர் என்கிற பெரிய சண்டை முடிந்து உலகமெல்லாம் ஈயம் ஈயம் என்று பறந்த காலம் அது. பேராக் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து மண்ணாக வரும் ஈயம் துறைமுகத்தில் இறங்கி, வண்டி வண்டியாக எங்கள் ஆலைக்கு வரும். கட்டி கட்டியாக உருகித் திரும்பிப் போகும். நான் வந்தபோது மூன்று உலைகள். இரண்டு வருஷத்தில் ஐந்தாகின. உருக்கி மிஞ்சிய கசடைக் கொட்டிக் கொட்டியே பக்கத்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து, அதன்மேல் புது லயம் கட்டினார்கள், சாலை போட்டார்கள். எங்கள் பெட்டிக்கடைக்காரர் தகரக் கூரையை மாற்றி ஓடு போட்டார். புகை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் துணி காயப்போடுவோம். தப்பிப் போட்டால் வெள்ளை வேட்டியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். நான் நட்ட முருங்கைக் கொம்பு மூன்று தடவை துளிர்த்து மூன்று தடவையும் கருகியது. ஒருதரம் ஆலைக் கிராணியிடமே கேட்டுவிட்டேன். கூலிக்குப் பேர் பதிகிற தமிழர் அவர். துரைக்கும் எங்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பதும் அவர்தான்.

"அங்க புகை மேல போனாத்தான் இங்க உலையில அரிசி வேகும். முருங்கைக்கீரை பாசாவுல கிடைக்கும், போம்மா" என்றார். பாசா என்றால் இங்கே சந்தை.

அவர் சொன்னது பொய்யில்லை.

வீட்டுக்காரரின் வேலையைச் சொல்ல வேண்டும். சில மலைகளிலிருந்து வருகிற ஈய மண்ணை முதலில் வறுத்தெடுப்பார்கள். அந்தப் புகை நேரே வானத்துக்குப் போகாது. வரிசையாக ஆறு செங்கல் அறைகள். ஒவ்வொன்றாய் நுழைந்து, ஆறி, கடைசியில்தான் புகைபோக்கியில் ஏறும். போகிற வழியில் சுவரெல்லாம் மாவாகப் படியும். முதல் அறையில் கறுப்பு, நடுவில் சாம்பல், கடைசி அறையில் சுத்த வெள்ளை. புகைமாவு என்பார்கள். முறை வைத்து ஒவ்வொரு அறையாகப் புகையை அடைத்துவிட்டு, உள்ளே போய் அந்த மாவைச் சுரண்டி எடுக்கிற நாலு பேரில் இவர் ஒருவர். போகுமுன் தேங்காயெண்ணெயில் களிமண்ணைக் குழைத்து அக்குளிலும் தொடையிடுக்கிலும் பூசிக்கொள்வார். மூக்கில் பஞ்சு. எல்லாம் செய்தும் வியர்த்த இடமெல்லாம் புண். கேட்டால், "சுண்ணாம்பு மாதிரி அரிக்கும், அவ்வளவுதான்" என்பார். அவர் உடம்பில் எப்போதும் பூண்டு வாசம் வரும். "நீங்க ஈய ஆலையிலதான் வேலை பாக்குறீங்களா, இல்லை ஊறுகாய்க் கடையிலயா?" என்று கேலி செய்வேன். சுரண்டிய மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் ஆற்றங்கரைச் சேற்றில் கொட்டினார்கள். யாருக்கும் வேண்டாத குப்பை அது.

இரண்டாவது மார்கழி வந்தது. வாசலில் கோலம் போடாமல் எனக்கு விடியாது. ஆலையில் கொடுக்கிற அரிசி சாப்பாட்டுக்கே சரியாக இருக்கும். அதில் ஒரு பிடி எடுத்து மாவரைத்துப் போட்டால், ஏழு மணிக்குள் எறும்பும் கோழியும் தின்று தீர்த்துவிடும். அவை தின்னட்டும் என்றுதான் அரிசி மாவில் போடுவது, தெரியும். ஆனால் நம் வயிற்றுக்கே பற்றாதபோது எறும்புக்கு விருந்து வைக்க மனசு வரவில்லை. "கோலமாவுக்கு வழியில்லாத ஊரு இது" என்று ஒருநாள் புலம்பினேன். "ம்" என்றார்.

மறுநாள் வரும்போது ஒரு சிகரெட் டின் நிறையக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கடைசி அறையின் மாவு. பால் வெள்ளை. கல்யாணமான இத்தனை நாளில் அந்த மனிதர் எனக்கென்று கொண்டுவந்து கொடுத்த முதல் பொருள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "மல்லிகைப்பூ வாங்கித் தர மாட்டீங்க, இதை மட்டும் தூக்கிட்டு வருவீங்க" என்று வம்புக்கு இழுத்தேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

விரலிடுக்கில் அந்த மாவு இறங்கிய அழகை என்ன சொல்வது. கையில் ஒட்டவில்லை, கட்டி தட்டவில்லை. சாணம் தெளித்த தரையில் இழை இழையாக நின்றது. பத்து மணி வெயிலிலும் போட்டது போட்டபடி இருந்தது. அப்போதுதான் இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா, எட்டு மாதப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். குழாயடியில் என் குடத்தை நகர்த்தியவள் அவள்தான்.

"யாரு லா போட்டது? நீயா?"

"ஆமாக்கா."

"என்ன மாவு இது? ஒரு எறும்புகூட வரலையே."

"என் கோலம்னா எறும்புக்கும் மரியாதைக்கா. ஓரமாத்தான் போகும்."

அவள் சிரித்தாள். இந்த ஊரில் நான் சம்பாதித்த முதல் சிரிப்பு அது. என் வாயால் ஒருத்தி சண்டை போடாமல் சிரித்துவிட்டாளே என்று அன்றெல்லாம் என் கால் தரையில் படவில்லை.

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "எனக்குக் கொஞ்சம் குடு, தங்கச்சி." வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாங்கிவைத்து, கொட்டாங்கச்சியில் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். பொங்கலன்று பன்னிரண்டு வாசலிலும் என் மாவு. புள்ளி வைக்கத் தெரியாதவர்களுக்கு நானே போய்ப் போட்டுக் கொடுத்தேன். மத்தியானங்களில் என் வாசற்படியில் உட்கார்ந்து நாலு பேர் பேசுவார்கள். மலாய் எனக்கும் கொஞ்சம் நாக்கில் ஏறியது. அக்காவின் பையன் என் மடியில்தான் வளர்ந்தான் என்று சொல்லலாம். என் தாலிச் சரட்டைச் சப்பிக்கொண்டே தூங்குவான். அந்த ஒரு மாதம் நான் இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒரு மாதம்தான்.

லயத்தில் இரண்டு வீட்டுக் கோழிகள் செத்தன. கோழிச்சீக்கு என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். என் விரலிடுக்குகளில் வெடிப்பு கண்டு எரிந்தது. சாணத்தால் வந்தது என்று எண்ணெய் தடவிக்கொண்டேன். எறும்பு ஏன் வரவில்லை என்று ஒரு கணம் உருப்படியாக யோசித்திருக்கலாம். யோசிக்க எனக்கு விருப்பமில்லை. யோசித்தால் வாசலில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் எழுந்து போய்விடுவார்கள் என்று உள்ளுக்குள் ஏதோ பயந்திருக்கிறது. இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம். அக்காவின் வீட்டுக்காரர் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார். அவர்கள் வாசலை அடைத்து நான் ஒரு பெரிய மயில் கோலம் போட்டேன். பையன் தவழ்ந்து வந்து மயிலின் தோகைமேல் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். "மயிலையே தின்னுட்டான் கள்ளப்பய" என்று சொல்லி, என் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

விடிந்தபோது லயம் காலி. எல்லோரும் காவடிக்குப் பின்னால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் போகவில்லை. பையனுக்கு விடிகாலையிலிருந்து வாந்தியும் பேதியும். அரிசி கழுவின தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். கண் உள்ளே போய், உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். என்னைக் கண்டு சிரிக்கவில்லை. கோழிகள், விரல் வெடிப்பு, எறும்பு எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இடித்தன.

வீட்டுக்கு ஓடினேன். அன்று தமிழ் ஆட்களுக்கு லீவு; இவர் பாயில் படுத்திருந்தார். "அந்த மாவுதாங்க. புள்ள அதைத் தின்னுச்சு" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வாயைத் திறக்காதே. ஆலைச் சாமானை வெளியே எடுத்தா வேலை போயிடும். போலீசுல புடிச்சுக் குடுப்பானுங்க. சின்னப் புள்ளைக்குப் பேதி வராதா? சும்மா இரு."

சும்மா இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சும்மாதான் இருந்தேன். அக்கா பையனின் பேரைச் சொல்லிச் சொல்லி எழுப்புவது, லயமே காலியாகக் கிடந்ததால், இரண்டு சுவர் தாண்டியும் கேட்டது. ஆலை டிரெஸ்ஸர் வந்தார். மலையாளத்துக்காரர், டாக்டருக்கு அடுத்தபடி எங்களுக்கு மருந்து கொடுக்கிறவர் அவர்தான். பார்த்துவிட்டு, "இது கொள்ளை பேதி. லயம் முழுக்கப் பரவும். தாயையும் பிள்ளையையும் ஜெரெஜா தீவுக்குக் கொண்டுபோகணும்" என்று சொன்னதும் கேட்டது. கப்பலில் வந்தவர்களையெல்லாம் நோய் இருக்கிறதா என்று நிறுத்திவைக்கிற தீவு அது. நானும் அங்கே சில நாள் இருந்திருக்கிறேன். கொள்ளை பேதி என்று அங்கே போன குழந்தை எதுவும் திரும்பி வந்து நான் கேள்விப்பட்டதில்லை. மாவு தின்ற குழந்தைக்குக் கொள்ளை பேதிக்கான மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. ஆனால் அவன் தின்ற மாவுதான் இதற்குக் காரணம் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

வண்டி வர உச்சிவேளை ஆயிற்று. அதுவரை, அரை நாள், நான் சும்மா இருந்தேன். அக்கா பையனைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் கை ஒன்று போர்வைக்கு வெளியே தொங்கியது. அதற்குமேல் தாங்கவில்லை. சிகரெட் டின்னை எடுத்துக்கொண்டு ஓடினேன். இவர் என் கையைப் பிடித்தார். உதறினேன். வளையல் உடைந்து இரண்டு பேர் கையிலும் ரத்தம்.

"இதைத்தான் தின்னான்! பேதி இல்லை, இதைத்தான் தின்னான்!" என்று வண்டிக்குக் குறுக்கே நின்று கத்தினேன்.

டிரெஸ்ஸர் டின்னைத் திறந்தார். அக்கா வீட்டு அடுப்பில் இருந்த கங்கின்மேல் ஒரு சிட்டிகை போட்டார். வெள்ளைப் புகையோடு பூண்டு நாற்றம் குப்பென்று அடித்தது. அவர் முகம் மாறியது. "இது பாஷாணமாக்கும். வெள்ளைப் பாஷாணம்" என்றார் மெதுவாக. அப்புறம் கையோடு கையாக முட்டையின் வெள்ளைக்கருவையும் பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார். ஆலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்த் துருநிறத்தில் ஏதோ ஒரு மருந்தை மணிக்கொருதரம் ஊட்டினார். மூன்றாம் நாள் பையன் பால் கேட்டு அழுதான். பிழைத்துவிட்டான்.

அதற்கு மறுநாள் துரை லயத்துக்கு வந்தார். கூடவே கிராணியும் டிரெஸ்ஸரும். துரை வந்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார்கள். துரை இங்கிலீஷில் பேசப் பேச, கிராணி சத்தமாகத் தமிழில் சொன்னார்.

"நம்ம ஆலையில விஷம்னு எதுவும் கிடையாது. அறையில படியிறது வெறும் சாம்பல். நாலு வருஷமா அதைச் சுரண்டுற ஆளுங்க முன்னாலயே நிக்கிறாங்க, செத்தா போயிட்டாங்க? பொய்யைச் சொல்லி ஆளுங்களைப் பயமுறுத்தினா வேலை நின்னுபோகும். வேலை நின்னா யாருக்கு நஷ்டம்?"

நான் டிரெஸ்ஸரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டின்னு எங்க? அவருகிட்டதான் குடுத்தேன். அவரே சொன்னாரு பாஷாணம்னு" என்றேன். டின் எதுவும் தன்னிடம் இல்லை, பிள்ளை கெட்ட மீன் எதையோ தின்றிருக்க வேண்டும் என்று அவர் தரையைப் பார்த்தே சொன்னார்.

கிராணி என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "அறையிலேர்ந்து நீ மாவு எடுத்தியா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். வாசல் வாசலாக நான் கொட்டாங்கச்சியில் கொடுத்தது எதுவென்று அந்த வரிசையில் நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாயால் வரவேண்டும் என்று காத்திருந்தேன்.

"இல்லை துரை. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப உன் பொண்டாட்டிக்கு ஏது?"

"கடையில வாங்கியிருப்பா."

அவ்வளவுதான். ஆலை மாவு சாம்பல். என் கையில் இருந்தது பாஷாணம் என்று நானே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்படியானால் பாஷாணத்தைக் கடையில் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்தவள் யார்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, தேவைப்படவில்லை. போலீசுக்குப் போகாமல் விட்டது எனக்குச் செய்த தயவு என்றார் கிராணி. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வாசலையும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டார்கள். அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளையில்லாதவள் வயிறெரிந்து மருந்து வைத்துவிட்டாள் என்று பேச்சு. பாஷாணக்காரி என்று பேர். அந்த வாரமே அக்காவின் வீட்டுக்காரரை, உலையில் கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர் ஆக்கினார்கள்.

இவரோடு நான் சண்டை போடவில்லை. என் நீளமான வாய் அன்று சுருங்கியது. சோறு போட்டேன், புண்ணுக்கு எண்ணெய் தடவினேன், துணி துவைத்தேன். ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே எனக்கு யார் இருந்தார்கள்? நான் குழாயடிக்குப் போனால் குடங்கள் விலகி வழி விட்டன. அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கர்ப்பிணிகள் நான் வருகிற பாதையை விட்டுச் சுற்றிப் போவார்கள். பையன் நடக்கக் கற்றுக்கொண்டதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஒருநாள் என் வாசல்வரை ஓடிவந்தான். ஒரு கை வந்து அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஆற்றங்கரையில் மாவு கொட்டுவது நின்றது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. தோட்டத்தில் முளைக்கிற லாலான் புல்லைச் சாகடிக்க அந்த மாவுதான் வேண்டுமாம். குப்பையாக இருந்தது சரக்காகிவிட்டது. இரும்பு டிரம்மில் அடைத்து, மேலே மண்டையோடும் எலும்பும் வரைந்து, வண்டி வண்டியாகத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஏற்றிவிட நின்றவர் அக்காவின் வீட்டுக்காரர். வண்டிகள் எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போகும். முதல் வண்டி போனபோது குழாயடியில் ஆறேழு பெண்கள் நின்றோம். மண்டையோட்டை எல்லோரும் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் குடத்தில் தண்ணீர் நிறைகிறதா என்று குனிந்துகொண்டார்கள். யாராவது வருவார்கள் என்று பத்து நாள் கதவைத் திறந்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.

அப்புறம் விலை விழுந்தது. ஈயம், ரப்பர் எல்லாம் ஒன்றாக விழுந்தன. உலைகள் ஒவ்வொன்றாய் அணைந்து கடைசியில் புகைபோக்கியே ஓய்ந்தது. லயத்தில் பாதிப்பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வானம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. கூரைக்குப் பின்னால் மலை அவ்வளவு கிட்டத்தில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. துணியில் ஓட்டை விழவில்லை. இவருடைய புண்கள் காய்ந்தன, இருமல் குறைந்தது. ஆனால் அரிசிப் பானையின் அடி தெரிந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு எல்லோரும் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் இவர் கிழங்கை உரித்துக்கொண்டே, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார். நான், "ம்" என்றேன். அவர் மேலே சொல்லவில்லை. நான் கேட்டிருக்கலாம். பிடிவாதம்.

திரும்பப் புகை வந்த காலையை மறக்க முடியாது. ஆட்கள் சாலையில் இறங்கிக் கூத்தாடினார்கள். ஆலை வாசலில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். நானும்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பசி அப்படி. இவர் மறுபடி எண்ணெயும் மண்ணும் பூசிக்கொண்டு அறைக்குள் போனார். இந்தத் தடவை உடம்பு ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை. உள்ளங்கை தடித்து வெடித்தது, தோல் கறுத்தது, சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஈரல் வியாதி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாவு வீட்டுக்கு வராமல் இருக்க முடியாது. அது ஒன்றுதான் பாஷாணக்காரியின் வீட்டுக்கும் லயத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. தலைமாட்டில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக நுழைந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அக்கா வந்தாள். பையனை வாசலிலேயே நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அழுகைக்கு நடுவே அவள் வாய் என் காதோரம் வந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும், தங்கச்சி. டிரெஸ்ஸர் கங்குல போட்டப்பவே தெரியும். மண்ணு வறுக்கிற உலையில நின்ன என் வீட்டுக்காரரு மேலயும் அதே வாடைதானே."

"அப்ப ஏன்க்கா சொல்லலை?"

"மண்டோர் வேலை குடுக்கிறோம்னு அன்னைக்குத்தானே வந்து சொன்னாங்க. மூணு புள்ளைங்க லா எனக்கு."

எனக்குக் கோபம் வந்தது. செத்துக் கிடந்தவர்மேல் வராத அழுகையெல்லாம் கோபமாக வந்தது. அவளைப் பிடித்துத் தள்ளி, கூடியிருக்கிற அத்தனை பேர் முன்னாலும் கத்த வேண்டும் என்று வாய் துடித்தது. என்ன கத்துவது? அவள் பிள்ளை செத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் அரை நாள் சும்மா இருந்தவள் நான். அதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

பாடையைத் தூக்கும்வரை அவள் என்னைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. ஒரு பெண்ணின் கை என்மேல் பட்டு அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது.